சோழியின் முறை

சின்னத்தாயியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று எங்கள் ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஏற்காட்டில் கரடியூருக்கு அப்பால், மெட்ராஸ்காரர் ஒருவரின் பங்களாவுக்கு இருபத்திரண்டு வருஷம் காவல் இருந்தாள், அவ்வளவுதான். முதலாளி மே மாதம் குடும்பத்தோடு வந்து பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் பதினோரு அறைகளையும் கூட்டித் துடைத்து, சோபாவுக்கு வெள்ளைத் துணி போர்த்தி, அவள் மட்டும் இருப்பாள். கல்யாணமாகி ஒரு வருஷத்திலேயே புருஷன் போய்விட்டான். குழந்தை இல்லை. குப்பனூரில் சின்னன் என்று ஒரு தம்பி உண்டு.

நான் பொன்னுவேல், டெலிபோன் லைன்மேன். அந்தப் பங்களாவுக்குப் போகிற நாற்பத்தோரு கம்பமும் என் பொறுப்பு. சில்வர் ஓக் கிளை விழுந்து கம்பி அறுந்தால், காலில் ஒட்டிய அட்டைப்பூச்சியோடு ஏறிப் போய் ஒட்டுப் போட்டுவிட்டு வருவேன். போனால் ஒரு டம்ளர் காப்பி கொடுப்பாள். குடித்துவிட்டு வருவேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. நான் சிடுமூஞ்சி என்று ஏற்காடு முழுக்கப் பேர். அதை மறுத்துப் பேச எனக்கும் நேரம் இருந்ததில்லை.

அந்தக் காலத்தில் எங்களுடையது கையால் இணைக்கிற எக்ஸ்சேஞ்ச். போனில் நம்பர் சுற்றுகிற வட்டமே கிடையாது. பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சில் உங்கள் லைனுக்கான மூடி ‘டக்’கென்று விழும். ஆப்பரேட்டர் ஒயரைச் செருகி யார் வேண்டும் என்று கேட்பாள். ஆப்பரேட்டர் மாதம்மாள், வாழவந்திக்காரி. எழுபத்து மூன்றில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், தொண்ணூற்றொன்று வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

மழைக் காலத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஒரு மூடிகூட விழாது. மலை முழுக்க மஞ்சு இறங்கிக் கிடக்கும்போது யார் யாரோடு பேசப் போகிறார்கள்? அப்படி ஒரு ஐப்பசியில்தான் மாதம்மாள் அந்த ஆட்டத்தை ஆரம்பித்தாள். தாயம். பலகையும் தாயக்கட்டையும் அவளிடம், எக்ஸ்சேஞ்ச் மேசையின் இழுப்பறையில். ஆடுகிற நாலு பேர் நாலு மூலையில் போனுக்குப் பக்கத்தில். நாலு பேருக்கும் அவளே கட்டையை உருட்டுவாள். என்ன விழுந்தது என்று சொல்லுவாள். எந்தக் காயை நகர்த்த வேண்டும் என்று கேட்டு நகர்த்துவாள். பிறகு அடுத்த லைனைக் கூப்பிட்டு, முன்னவர் என்ன ஆடினார் என்பதைச் சொல்லி, அவருக்கு உருட்டுவாள். நாலு பேரையும் ஒரே நேரத்தில் இணைக்க அந்தப் பெட்டியில் வழி இல்லை. அதனால் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதே கிடையாது. எல்லாருக்கும் கேட்டது மாதம்மாளின் குரல்தான்.

வேலை நேரத்தில் ஆடுவது தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். அதனால் பேர் சொல்லக்கூடாது என்று ஒரு சட்டம் வைத்தாள். அவரவர் காய்தான் அவரவர் பேர். டவுனில் லாட்ஜ் மேனேஜராக இருந்த பழனிசாமி புளியங்கொட்டை. எஸ்டேட் கடை வைத்திருந்த மாதையன் வளையல்துண்டு. சின்னத்தாயி காப்பிக்கொட்டை. நாலாவது ஆள் சோழி. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. வேலை வெட்டி இல்லாத ஜனம் என்று நினைத்துக்கொண்டு கம்பத்தில் ஏறப் போய்விடுவேன்.

தாயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆளுக்கு நாலு காய். கட்டத்தைச் சுற்றி வந்து உள்ளே போய்ச் சேர்ந்தால் அந்தக் காய் பழம். வழியில் அடுத்தவன் காய் நிற்கிற கட்டத்தில் சரியாகப் போய் நின்றால் அது வெட்டு. வெட்டுப்பட்ட காய் ஆரம்பத்திலிருந்து திரும்பி வர வேண்டும். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். இரண்டு, மூன்று, நாலு விழுந்தால் அதோடு முறை முடிந்தது.

தொண்ணூற்றொன்று மார்கழியில் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். திங்கட்கிழமை மாற்றுவதாகத்தான் பேச்சு. மாதம்மாளும் சனிக்கிழமை மத்தியானம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிடலாம் என்று இருந்தாள். ஆனால் சேலத்திலிருந்து வந்த இன்ஜினியர் சனிக்கிழமை காலையிலேயே ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். மஞ்சு இறங்குவதற்குள் கீழே போக வேண்டுமாம். “இன்னிக்கே முடிச்சுடலாம்பா” என்றார். மாதம்மாள் சாப்பிடப் போயிருந்தாள். நான்தான் பழைய எக்ஸ்சேஞ்ச் பலகையின் ஒயர்களைக் கழற்றினேன். அவள் திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. கடைசி வரிசையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நின்று பார்த்தாள். இழுப்பறையைத் திறந்து தாயக்கட்டையையும் காய்களையும் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அடுத்த வாரம் அவளைச் சேலத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. அறுபத்து நாலு வீட்டுக்குப் புதுப் போன் மாட்டுகிற வேலை முன்னால் நின்றது.

கரடியூர்ப் பங்களாவுக்கும் நான்தான் புதுப் போன் மாட்டினேன். முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு சின்னப் பூட்டு அனுப்பியிருந்தார், நம்பர் சுற்றுகிற வட்டத்தின் ஓட்டையில் மாட்டுகிற பூட்டு. வருகிற போனை எடுக்கலாம், இங்கிருந்து பேச முடியாது. சின்னத்தாயி பார்த்துக்கொண்டே இருக்க, அதையும் மாட்டிவிட்டு வந்தேன். நாலாம் நாள் பால்காரன் மூலமாக எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள், போன் கெட்டுப்போய்விட்டது என்று.

நடந்தே போனேன். எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். ‘ங்...’ என்று நன்றாகத்தான் கேட்டது.

“நல்லாத்தானே இருக்குது அம்மிணி?”

“சத்தம் வருதுங்க. ஆளு வர்ல.”

“இனி ஆளு வராது. எல்லாம் மிசினு.”

“மாதம்மா?”

“சேலத்துக்குப் போயிருச்சு.”

அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். காப்பி போடப் போகிறாள் என்று பின்னாலேயே போனேன். அங்கே சிமெண்ட் தரையில் கரியால் தாயக்கட்டம் போட்டிருந்தாள். மாதம்மாள் சொல்லச் சொல்ல, எல்லாருடைய காயையும் தானும் வைத்து நகர்த்துவாள் போலிருக்கிறது. காப்பிக்கொட்டை, சோழி, புளியங்கொட்டை எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றின் மேல் துரும்பு தூசி இல்லை. காயை எடுக்காமல் சுற்றி எப்படித் துடைத்தாளோ தெரியாது.

“சோழி முறைங்க” என்றாள். “வெள்ளிக்கெழம சாயங்காலம் நாழியாயிருச்சு, நாளைக்கு சோழியிலிருந்து ஆரம்பிக்கலாம்னு மாதம்மா சொல்லுச்சு.”

அவள் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தேன். பிறகு அவளே பேசினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

தம்பி சின்னன் பெண்டாட்டி ஆடி மாதம் இறந்துவிட்டாள். இரண்டு பெண் பிள்ளைகள். அக்காவை வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். இவள் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. தை ஐந்தாம் தேதி பங்களாவுக்கு வருகிறான். அன்றைக்குக் கிளம்பாவிட்டால் இனிமேல் கூப்பிட மாட்டானாம்.

“போகோணுமுங்க. புள்ளைங்க பாவம். ஆனா சோழிக்கிட்டச் சொல்லாம எப்பிடிப் போறதுங்க?”

“சோழி யாரு?”

“தெரியாதுங்க. யாரா இருந்தா என்னங்க? மொதல்ல நொம்ப வெட்டுவாரு. நான் அளுதுகூட இருக்கறேன். அப்பறம் ஒரு நாளு நிறுத்திப்போட்டாரு. ஒம்பது வருசமா என்ற காயத் தொட்டதில்லீங்க. தாண்டித்தான் போவாரு. சாப்புட்டயான்னு மாதம்மாகிட்டச் சொல்லிக் கேப்பாரு. இந்த மலையில அதுக்கு முன்ன என்னைய யாரு கேட்டா? நானும் அவர வெட்டுனதில்ல. இப்பச் சொல்லாமக் கொள்ளாமப் போனா, ஆட்டத்த வுட்டுப்போட்டு ஓடிட்டான்னு நெனைக்கமாட்டாருங்களா?”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“உங்களுக்கு எல்லா லைனும் தெரியுமில்லீங்க. கண்டுபிடிச்சு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. காப்பிக்கொட்டை தம்பி ஊட்டுக்குப் போகுது, கோவிச்சுக்க வேண்டாம்னு.”

சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

முதலில் பழனிசாமியிடம் போனேன். லாட்ஜ் வரவேற்பில் கலர் டிவி வாங்கி வைத்திருந்தார். “அந்த ஆட்டமா? அதெல்லாம் அப்பப் போயிருச்சு பொன்னுவேலு” என்று டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சோழி யாரென்று அவருக்கும் தெரியவில்லை. வளையல்துண்டு மாதையன் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதுவும் இப்போதுதான். புது எக்ஸ்சேஞ்ச் வந்த மறுவாரம் இரண்டு பேரும் எப்படியோ ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து நேரடியாக நம்பர் சுற்றி ஆடிப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் சண்டை. “அவன் ஊட்ல உக்காந்துக்கிட்டு ஆறு விழுந்துச்சு, பன்னெண்டு விழுந்துச்சுங்கறான். நான் கண்டனா?” என்றார். மாதையனிடம் போனால் அவர் இதையே திருப்பிச் சொன்னார். கூடவே, நின்றுபோன ஆட்டத்தில் ஜெயித்தது தான்தான் என்றும் சொன்னார். எப்படி என்று நான் கேட்கவில்லை. பதின்மூன்று வருஷமாக மாதம்மாள் சொன்ன எண்ணை ஒருத்தரும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அவள் போனதும் மூன்று நாளில் எல்லாரும் திருடர்கள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு சேலத்துக்கு பஸ் ஏறினேன். மாதம்மாளை ரிப்பேர் புகார் எழுதுகிற இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். வெளியே டீக்கடைக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சோழி செத்து ஒம்பது வருசமாச்சுங்க” என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“சிங்கராயர். எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டரு. எம்பத்திரண்டுல மஞ்சக்காமாலை வந்து போயிட்டாரில்லீங்களா. நீங்கதானே போய் அந்தப் போனைக் கழட்டிக்கிட்டு வந்தீங்க.”

ஆமாம். நான்தான் கழற்றினேன். ரைட்டர் மேசையில் ஜெபமாலை ஒன்று கிடந்ததுகூட நினைவு இருந்தது. அந்த லைனில் ஒன்பது வருஷமாக ஒன்றுமே இல்லை என்பது இந்த மலையில் எனக்கு ஒருவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அந்த ஆளும் சோழியும் ஒன்று என்பதுதான் தெரியாது.

“அப்ப இத்தனை நாளா ஆடுனது?”

“நான்தானுங்க.” தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அவரு போன மறுநாளு மத்தியானம் எல்லாரும் கைப்பிடியச் சுத்தறாங்க. சோழி செத்துட்டாருன்னு எப்படிச் சொல்றது? பேரே சொல்லக்கூடாதுன்னு வெச்சவ நானு. நாளைக்குச் சொல்லலாம்னு அன்னிக்கு ஒரு நாளு அவருக்கும் சேத்து ஆடுனேன். அப்பறம் சொல்ல முடியல.”

“சின்னத்தாயிய ஏன் வெட்டல?”

“வெட்டுனா அது ரெண்டு நாளைக்குப் போனே எடுக்காதுங்க. கோவம். அந்த ரெண்டு நாளும் நான் யாருகிட்டப் பேசறது? மத்தவங்களுக்கு உருட்டுவேன். சோழிக்கு மட்டும் கட்டையத் தொடறதே இல்ல. அந்தப் புள்ள காயத் தாண்டற மாதிரி ஒரு நம்பரப் பாத்துச் சொல்லிப்போடுவேன்.”

“அதுகிட்ட என்னத்தச் சொல்லட்டும்?”

“நான்தான்னு சொல்ல வேண்டாமுங்க” என்றாள். சின்னத்தாயி எப்படி இருப்பாள், கறுப்பா சிவப்பா என்று மட்டும் கேட்டாள். பதின்மூன்று வருஷம் பேசியிருக்கிறாள், ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. மாநிறம் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

பஸ்ஸில் திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். வருத்தமாக இருந்ததா என்றால் இல்லை. கால் மரத்துப்போனால் இருக்குமே, அப்படி இருந்தது. செத்தவனைச் செத்தான் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு ஒன்பது வருஷமும் போய்விடும். பார்த்தேன், சொல்லிவிட்டேன், நல்லபடியாகப் போய் வரச் சொன்னார் என்று சொன்னால் முடிந்தது. அவளும் நிம்மதியாகக் கிளம்புவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

தை ஐந்தாம் தேதி காலையில் போனேன். தம்பி வந்துவிட்டிருந்தான், வாசலில் தகரப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். சின்னத்தாயி சமையலறையில் இருந்தாள். தலைவாரி நல்ல சேலை கட்டியிருந்தாள். பாத்திரமெல்லாம் கவிழ்த்துவிட்டாள். தாயக்கட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

“பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“சொல்லிப்போட்டீங்களா?”

“சொன்னேன். அவருக்குக் கோவமெல்லாம் இல்ல. நல்லபடியாப் போயிட்டு வரச் சொன்னாரு. புள்ளைங்களப் பாத்துக்கச் சொன்னாரு.”

அவள் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு முகம் அவளுக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி நானும் நின்றேன். இத்தோடு நான் கிளம்பியிருக்க வேண்டும்.

“அவரு முறை பாக்கி இருந்துச்சேங்க” என்றாள். “ஒண்ணும் சொல்லலீங்களா?”

“சொன்னாரே. மாதம்மாவும் அங்கதான் இருந்துச்சு. உருட்டுனாங்க.”

“என்ன விழுந்துச்சு?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று மாதம்மாளைக் கேட்டுக்கொண்டு வரவும் இல்லை. ஐந்து ஆறு என்றால் மறுபடி என்ன விழுந்தது என்று கேட்பாள், பொய்யை நீட்ட வேண்டி வரும். சின்ன எண்ணாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று, “நாலு” என்றேன்.

சின்னத்தாயி கட்டத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். சோழியின் மேல் விரலை வைத்து நகர்த்தி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கட்டத்தில் அவளுடைய காப்பிக்கொட்டை இருந்தது.

விரலை அங்கேயே வைத்துக்கொண்டு இருந்தாள்.

“வேற காயத்தான் நகத்தச் சொன்னாரு” என்றேன் அவசரமாக.

“அவருக்கு வேற காய் ஏதுங்க? மத்த மூணும் பழமாயிருச்சு.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. வாசலில் தம்பி, “அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று கூப்பிட்டான். சிங்கராயர் செத்தது, மாதம்மாள் ஆடியது, எல்லாவற்றையும் சொல்ல அரை மணி நேரமாவது வேண்டும். என்னிடம் அவ்வளவு பேச்சு எந்த நாளில் இருந்தது?

அவள் காப்பிக்கொட்டையை எடுத்துக் கட்டத்துக்கு வெளியே வைத்தாள். அது இருந்த இடத்தில் சோழியை வைத்தாள். வெட்டினால் அப்படித்தான் வைக்க வேண்டும். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏனுங்க, நான் போறேன்னு நீங்க சொன்னதுக்கு முன்னால உருட்டுனாருங்களா, பின்னாலயா?”

எந்தப் பதில் நல்லது என்று எனக்குப் புரியவில்லை. நடந்ததாக நான் சொன்ன வரிசைப்படி, “பின்னாலதான்” என்றேன்.

“சரிங்க” என்றாள்.

எழுந்து அறை அறையாகப் போய்ப் பூட்டினாள். சாவிக் கொத்தை அவளுக்குப் பதிலாகக் காவலுக்கு வரப்போகிற ஆளிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தாள். தம்பிக்குப் பின்னால் ரோடு வரைக்கும் நடந்தாள். பஸ் வந்தது, ஏறினாள். என் பக்கம் திரும்பவில்லை. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் குப்பனூருக்கு லைன் வேலையாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். தம்பி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் காப்பி கொடுப்பாள். பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பத்திரிகைகூட வைத்தாள். சோழியைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. மாதம்மாள் மட்டும் சேலத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “அந்தப் புள்ள என்ன சொல்லுச்சுங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் போனது என்று சொல்லிவைத்தேன். போன வருஷம் அவளும் இறந்துவிட்டாள்.

இப்போது நடந்ததைச் சின்னத்தாயியிடம் சொல்லலாம். ரிட்டயர் ஆகிவிட்டேன், நேரம் இருக்கிறது. போகிறேன், காப்பியைக் குடிக்கிறேன், வந்துவிடுகிறேன். போகிறாள் என்று தெரிந்ததும் சோழி தன்னை வெட்டிவிட்டார் என்றுதான் அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.